ஸ்ட்ராட் வகை கிட்டாரில் இரைச்சல், ட்யூனிங் நிற்கவில்லை: எதை முதலில் மாற்றுவது?

மூன்றாம்கம்பி:

வணக்கம். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலக்ட்ரிக் கிட்டார். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை சிக்னலாக மாற்றும் ஒற்றைச் சுருள்), ஐந்து நிலை ஸ்விட்ச், ஆறு ஸ்க்ரூ ட்ரெமலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் சுருதியை ஆட்டும் வகை). 20 வாட் ப்ராக்டிஸ் ஆம்ப், நடுவில் ஒரே ஒரு டிஸ்டார்ஷன் பெடல்.

ஆம்பைப் போட்டதும் ஒரு உறுமல், அதோடு சேர்ந்து 'ஜ்ஜ்ஜ்' என்று ஒரு கூர்மையான இரைச்சல். க்ளீனில் சமாளிக்கலாம், பெடலை மிதித்தால் வாசிக்கவே முடியவில்லை. ஸ்ட்ரிங்கைத் தொட்டால் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் கேபிள் பிளக்கின் உலோகத்தைத் தொட்டால் 'ஜ்ஜ்ஜ்' பாதிக்கு மேல் குறைகிறது. ஐந்து நிலையிலும் உறுமல் ஒரே அளவு. வால்யூமைத் திருகினால் கரகரப்பு, ஜாக்கை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது.

இதில்லாமல், ஜி ஸ்ட்ரிங் ஒரு பெண்டுக்கு (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றுவது) மேல் ட்யூனில் நிற்பதில்லை. ட்யூனிங் கீயைத் திருகும்போது நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) பக்கம் 'டிங்' என்று கேட்கிறது.

புது பிக்கப் செட், லாக்கிங் டியூனர் (ஸ்ட்ரிங்கைப் பூட்டிப் பிடிக்கும் கீ), எலும்பு நட், ட்ரெமலோ பிரிட்ஜுக்கு அடியில் வரும் ஸ்டீல் பிளாக் நான்கும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஒரே மாதத்தில் எல்லாம் முடியாது. எதில் தொடங்கலாம்? மல்டிமீட்டரும் 25 வாட் சால்டரிங் அயர்னும் கையில் இருக்கின்றன.

ஈயமும்திரியும்:

பிக்கப்பை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் பாதி ஒரே ஒரு ஒயரைக் காட்டுகின்றன.

உங்களிடம் இருப்பது இரண்டு வேறு வேறு இரைச்சல். உறுமல் என்பது காந்த வழியில் வருவது. ஆம்ப், அடாப்டர், ஸ்டெபிலைசர் இவற்றின் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி 50 ஹெர்ட்ஸில் துடிக்கும் காந்தப்புலத்தை பிக்கப் சுருள் ஆன்டெனா போல வாங்கிக்கொள்கிறது. கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் ஏறக்குறைய அடங்கும். 'ஜ்ஜ்ஜ்' அப்படி அல்ல. அது மின்புலம் வழியாக, பெரும்பாலும் உங்கள் உடம்பு வழியாகத்தான் வருகிறது. சுவரில் ஓடும் ஒயர்களிலிருந்து உடம்பு அதை ஏந்திக்கொண்டு வந்து, கிட்டாருக்குப் பக்கத்தில் நின்று பரப்புகிறது. ஸ்ட்ரிங் கிரவுண்டில் (சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் பக்கம்) சேர்ந்திருந்தால் தொட்டதுமே உடம்பும் கிரவுண்டாகி அது அடங்கிவிடும்.

உங்களுக்கு ஸ்ட்ரிங்கைத் தொட்டால் மாற்றமில்லை, பிளக்கைத் தொட்டால் குறைகிறது. அப்படியென்றால் ஸ்ட்ரிங்கிலிருந்து ஜாக்குக்குப் போகும் கிரவுண்ட் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. (தொட்டதும் இரைச்சல் *கூடினால்* கதை வேறு. அப்போது ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கும்.)

கழற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கேபிளின் ஒரு முனை கிட்டாரில், மறுமுனை ஆம்பில் இல்லாமல் கையில். வால்யூம், டோன் எல்லாம் 10-இல்.

பிளக்கின் நுனிக்கும் அதே பிளக்கின் உலோக உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். நிலை 1, 3, 5-இல் சாதாரண சிங்கிள் காயிலுக்கு 5.5 முதல் 7 கிலோ ஓம் வரை வரணும். 2, 4-இல் இரண்டு பிக்கப் இணையாகச் சேர்வதால் ஏறக்குறைய பாதி வரும். முடிவே இல்லாத எண் காட்டினால் அந்தச் சுருளோ அதன் ஒயரோ அறுந்திருக்கிறது. பிறகு வால்யூமை 0-க்குக் கொண்டுபோனால் ரீடிங்கும் 0-க்குப் பக்கத்தில் விழணும். கடைசியாக, பிளக்கின் உடம்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இடையே பாருங்கள். மீட்டர் பீப் அடிக்கணும், 1 ஓம் சுமாருக்கு மேல் போகக் கூடாது.

கேபிளை ஆம்பில் செருகி, வால்யூமை 0-இல் வைத்துக் கேட்பதும் முக்கியம். அப்போது சிக்னல் கிரவுண்டோடு ஷார்ட் ஆகிவிடுவதால் பிக்கப்பின் பங்கு இல்லை. அந்த நிலையிலும் இரைச்சல் இருந்தால் அது கேபிள், பெடல், ஆம்ப், மின் இணைப்பு இவற்றில் ஒன்று. கிட்டாரைத் திறந்து பயன் இல்லை.

மூணுபின்:

மேலே சொன்னதோடு வீட்டு மின் இணைப்பையும் சேர்த்துப் பாருங்கள். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஸ்ட்ரிங் கேபிளின் ஷீல்டு வழியாக ஆம்பின் சேஸிஸோடு, அதாவது உலோகச் சட்டத்தோடு, நேராகச் சேர்ந்திருக்கிறது. சேஸிஸ் பிளக்கின் மூன்றாவது பின்னில் சேர்கிறது. உறுமல் குறைகிறது என்று சொல்லி அந்த எர்த் பின்னை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகுபவர்களும் இருக்கிறார்கள். ஆம்புக்குள் ஒரு இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் நேராக உங்கள் விரலுக்கு வரும். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

பல வீடுகளில் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிடுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் 230 வோல்ட் சுமார் வந்தால், ஃபேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அதே எண்ணாக இருக்கணும். நியூட்ரல்-எர்த் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் நிற்கணும். ஃபேஸ்-எர்த் 0 அல்லது நிலையில்லாமல் ஆடும் ஏதோ ஒரு எண் என்றால் எர்த் இல்லை. அந்த சாக்கெட்டில் வாசிக்க வேண்டாம்.

'ஜ்ஜ்ஜ்' எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு முதல் சந்தேகம் ஃபேன் ரெகுலேட்டர். டக் டக்கென்று படிப்படியாகத் திரும்பும் வகை கெப்பாசிட்டர் கொண்டது, அதில் பெரிய தொல்லை இல்லை. படி இல்லாமல் வழுவழுவென்று சுழலும் வகை மின் அலையை ஒவ்வொரு அரைச்சுற்றிலும் வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு விழும் இடம்தான் ஆம்பில் கூர்மையாகக் கேட்கிறது. சோதனை எளிது: ஃபேனை ஸ்விட்ச்சிலேயே அணையுங்கள். பிறகு எல்.ஈ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், லேப்டாப் அடாப்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே கேளுங்கள்.

பெடலை ஒருமுறை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதில் இரைச்சல் பாதியானால் அடாப்டரை மாற்றினால் போதும். நாய்ஸ் கேட் வாங்கும் யோசனை இருந்தால் தள்ளிப் போடுங்கள். வாசிக்காதபோது கதவை மூடுவது மட்டும்தான் அதன் வேலை, வாசிக்கும்போது இரைச்சல் நோட்டோடு சேர்ந்தே வரும்.

நட்டும்அரமும்:

ட்யூனிங் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய நான்கு பொருளில் லாக்கிங் டியூனரைத்தான் எல்லாரும் முதலில் வாங்குகிறார்கள். உங்கள் பிரச்சினைக்கு அது மருந்து இல்லை. அந்த 'டிங்' சத்தம் ஸ்ட்ரிங் நட்டின் பள்ளத்தில் சிக்கி, இழுவிசை ஏறியதும் திடீரென்று விடுபடும் சத்தம்.

ஒரு சோதனை. ஜி-யை ட்யூன் செய்து, ஒரு முழு டோன் பெண்ட் செய்து விடுங்கள். சுருதி இறங்கியிருக்கும். இப்போது நட்டுக்கும் கீக்கும் இடையே உள்ள துண்டை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி திரும்பி வந்துவிட்டால் குற்றவாளி நட்தான். பெண்ட் செய்யும்போது தலைப்பக்கத்திலிருந்து கொஞ்சம் ஸ்ட்ரிங் இந்தப் பக்கம் வழுக்கி வருகிறது, விட்டதும் திரும்பிப் போக முடியாமல் பள்ளம் பிடித்துக்கொள்கிறது. ட்ரெமலோவை அமுக்கினால் இதற்கு நேர்மாறாக நடக்கும், சுருதி ஏறி நிற்கும்.

செலவில்லாத வேலை முதலில். ஸ்ட்ரிங்கைப் பள்ளத்திலிருந்து தூக்கி ஓரமாக வையுங்கள். 2பி அல்லது அதைவிட மென்மையான பென்சிலின் கரியைச் சுரண்டி, துளி வாசலினில் குழைத்து, ஊசி முனையால் பள்ளத்தில் தடவுங்கள். தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரிங் ட்ரீயின் அடியிலும் தடவணும். இதிலேயே பலருக்குச் சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் பள்ளம் குறுகல். ஜி 0.016 அங்குலம், அதாவது 0.41 மி.மீ. பள்ளம் 0.45 மி.மீ. சுமார் இருக்கணும். நட் அரம் இல்லையென்றால், ஒரு அளவு மெல்லிய பழைய ஸ்ட்ரிங்கில் 600 நம்பர் உப்புத்தாளை ஒரே சுற்று சுற்றி, நான்கைந்து இழுப்பு மட்டும் இழுங்கள். தலைப்பக்கம் சற்றுச் சரிந்தே இழுக்கணும். அடியைத் தேய்க்கக் கூடாது, பக்கச் சுவரை மட்டும்தான். ஆழம் பார்க்க: மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளி இருக்கணும். இல்லவே இல்லை என்றால் ஓபன் ஸ்ட்ரிங் அதிரும், நட் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது நட்டின் தடிமன் (இந்த வகையில் பெரும்பாலும் 3.2 மி.மீ.), நீளம் (42 அல்லது 43 மி.மீ.), அடிப்பக்கம் தட்டையா வளைவா என்ற மூன்றையும் அளந்த பிறகுதான் ஆர்டர் போடணும். பழையதை எடுக்கும்போது வார்னிஷ் சேரும் கோட்டில் பிளேடால் கீறிவிட்டு, பக்கவாட்டிலிருந்து மரத்துண்டு வைத்துத் தட்டுங்கள். கீறாமல் தட்டினால் வார்னிஷோடு மரமும் பெயரும்.

டியூனர் பிறகு வாங்குவதானால் துளை விட்டம் பாருங்கள். முன்பக்கம் அறுகோண நட் உள்ள நவீன வகைக்கு 10 மி.மீ., பழைய ஸ்ப்ளிட் ஷாஃப்ட் வகைக்கு 8.7 மி.மீ. சுமார். பின்பக்க ஸ்க்ரூ இடமும் பொருந்தணும். இப்போதைக்கு இருக்கும் கீயின் அறுகோண நட்டை ஸ்பானரால் ஒரு பிடி இறுக்குங்கள், பாதிக் கிட்டார்களில் அது தளர்ந்து கிடக்கிறது.

பிளாக், பிரிட்ஜ் கடைசி. சத்தத்தின் நீளத்தில் வித்தியாசம் தரும், இரைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வாங்கும் முன் ஆறு ஸ்க்ரூவில் இரு ஓரத்து ஸ்க்ரூக்களின் மையத்துக்கு மையம் அளக்கணும்: 52.5, 54, 56 மி.மீ. மூன்றும் சந்தையில் இருக்கின்றன, ஒன்றுக்கு ஒன்று சேராது. கிட்டார் உடம்பு மெலிதாக இருந்தால் முழு நீள பிளாக் பின்பக்கம் துருத்தும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கம்பி:

எல்லாருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

பிரிட்ஜ் பிக்கப் 6.4, நடு 6.1, நெக் 6.0 கிலோ ஓம். 2-இல் 3.1, 4-இல் 3.0. வால்யூம் 0-இல் ரீடிங் 0, ஆம்பிலும் அமைதி. பிளக் உடம்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இணைப்பே இல்லை. பின்மூடியைத் திறந்தால் ஸ்ப்ரிங் மாட்டும் தகட்டிலிருந்து கறுப்பு ஒயர் கழன்று தொங்குகிறது. பற்றவைத்துப் பார்த்தேன். ஈயம் உருண்டையாகி உதிர்கிறது, ஒட்டவே இல்லை. எர்த் இருக்கிறது, அளந்தாயிற்று. ரெகுலேட்டர் வழுவழு வகைதான், அணைத்தால் 'ஜ்ஜ்ஜ்' கொஞ்சம் குறைகிறது.

நட்டில் பென்சில் கரி வேலை செய்கிறது. 'டிங்' போய்விட்டது.

ஈயமும்திரியும்:

அந்தத் தகடு பெரிய இரும்புத் துண்டு. 25 வாட் கொடுக்கும் சூட்டை அதுவும், அதில் மாட்டிய ஸ்ப்ரிங்குகளும், பிளாக்கும் சேர்ந்து குடித்துவிடுகின்றன. ஈயம் உருகுகிறது, தகடு ஈயம் உருகும் சூட்டுக்கு வரவில்லை, அதனால்தான் உருண்டை.

ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, ஸ்ப்ரிங்குகளைக் கழற்றி, இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்துத் தகட்டை வெளியே கொண்டுவாருங்கள். ஒரு ஓரத்தில் நகக்கண் அளவு இடத்தை அரத்தால் தேய்த்துப் பூச்சைப் போக்கி, இரும்பு பளிச்சென்று தெரிய வையுங்கள். குரோம் மேல் ஈயம் பிடிக்காது. 60 வாட் அயர்ன், அகலமான தட்டை முனை, கொஞ்சம் ஃப்ளக்ஸ். முனையைத் தகட்டில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி வைத்து, ஈயத்தை முனையில் அல்லாமல் *தகட்டில்* தொடுங்கள். தண்ணீர் போலப் பரவினால் பிடித்துவிட்டது. ஒயரையும் தனியாக ஈயம் பூசி, இரண்டையும் சேர்த்து, ஆறும் வரை அசைக்காமல் பிடியுங்கள்.

60 வாட் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வழி: ஒயர் முனையில் வளைய டெர்மினல் கிரிம்ப் செய்து, தகட்டின் ஸ்க்ரூ தலைக்கு அடியில் வைத்து இறுக்கிவிடுங்கள். தகடு தொடும் இடம் மட்டும் தேய்த்துச் சுத்தமாக இருக்கணும்.

இதை முடித்ததும் ஸ்ட்ரிங்கைத் தொட்டால் 'ஜ்ஜ்ஜ்' அடங்கணும். தொடாதபோதும் அடங்க வேண்டுமானால் ஷீல்டிங். பசையிலும் மின்சாரம் கடத்தும் செப்பு டேப், 5 செ.மீ. அகலம், 3 மீட்டர். பிக்கார்டுக்கு (முகப்பில் உள்ள பிளாஸ்டிக் தகடு) அடியில் இருக்கும் குழியின் தரையிலும் சுவரிலும் ஒட்டி, ஒரு பட்டைமேல் அடுத்த பட்டை 5 மி.மீ. ஏறும்படி வையுங்கள். பிக்கார்டு ஸ்க்ரூ துளை ஒன்றின் பக்கம் டேப்பைக் குழியின் விளிம்புக்கு மேல் மடித்து விடுங்கள். பிக்கார்டின் அடியிலும் டேப் ஒட்டினால் மூடும்போது இரண்டும் அங்கே தொட்டுக்கொள்ளும். ஜாக் குழியை மறக்காதீர்கள், அதற்குத் தனி ஒயர் இழுக்கணும். ஒவ்வொரு பட்டைக்கும் இடையே மீட்டர் வைத்து பீப் கேளுங்கள். கேட்காத இடத்தில் ஒரு துளி ஈயம். கடைசியில் குழியிலிருந்து ஒரு ஒயர் வால்யூம் பாட்டின் (நாப்புக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்) முதுகுக்கு.

டேப் உறுமலை நிறுத்தாது. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் மெல்லிய செம்பைச் சட்டை செய்யாமல் ஊடுருவும். இதை முன்கூட்டியே சொல்கிறேன், ஏனென்றால் ஷீல்டிங் செய்துவிட்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

உறுமலுக்கு வேறு வழி உங்கள் கையிலேயே இருக்கலாம். 2, 4-ஆம் நிலைகளிலும் உறுமல் குறையவில்லை என்றீர்கள். அப்படியென்றால் நடு பிக்கப் மற்ற இரண்டைப் போலவே சுற்றப்பட்டிருக்கிறது. நடு பிக்கப்பின் சுருள் எதிர்த்திசையிலும் காந்தம் தலைகீழாகவும் இருந்தால், சேர்ந்து ஒலிக்கும்போது ஸ்ட்ரிங்கின் சிக்னல் கூடும், உறுமல் ஒன்றையொன்று அழிக்கும். 1955-இல் கிப்சனில் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள் பிக்கப்பின் தத்துவமும் இதுதான்.

ஒரு சாதாரண திசைகாட்டியை மூன்று பிக்கப்பின் மேலும் சில சென்டிமீட்டர் உயரத்தில் பிடியுங்கள். (மொபைல் திசைகாட்டி வேண்டாம், காந்தம் அதன் சென்சாரைக் குழப்பும்.) மூன்றும் முள்ளின் ஒரே முனையை இழுத்தால் சந்தேகமே இல்லை. பிறகு நடு பிக்கப்பின் அடியைப் பாருங்கள். இரும்புக் கம்பங்களுக்குக் கீழே கறுப்பாக ஒரு செராமிக் காந்தப்பட்டை ஒட்டியிருந்தால் புது பிக்கப்பே தேவையில்லை. மெல்லிய பிளேடை ஓரத்தில் நுழைத்து பட்டையைப் பெயர்த்து, மேல்பக்கம் கீழாகத் திருப்பி ஒட்டுங்கள். திசைகாட்டி இப்போது மறுமுனையை இழுக்கணும். அதோடு அந்த பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 2, 4-இல் சத்தம் மூக்கடைத்தது போல மெலிந்துவிடும்.

கவனம்: சுருளின் கம்பி தலைமுடியை ஒத்த மெல்லிசு, சுமார் 0.06 மி.மீ. பிளேடு அதில் பட்டால் பிக்கப் போயிற்று. கம்பங்களே காந்தமாக உள்ள ஆல்னிகோ வகையில் இதைச் செய்யாதீர்கள். அதில் கம்பத்தைத் தள்ளினால் சுருள் அறுந்துவிடும்.

நட்டும்அரமும்:

பென்சில் கரி வேலை செய்தது நல்ல செய்தி. தகட்டைக் கழற்றும்போது இரண்டு ஸ்க்ரூவும் எத்தனை சுற்றில் வருகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது பிரிட்ஜின் சமநிலை அதே இடத்தில் வரும். ஸ்ப்ரிங்கின் 'டொய்ங்' சத்தம் தொந்தரவாக இருந்தால் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து மூடுங்கள். பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சேடில்களின் உயர ஸ்க்ரூக்கள் தளர்ந்திருந்தாலும் ஆம்ப் இல்லாமலே ஒரு கிணுகிணுப்பு கேட்கும். கடலோர ஊர் என்றால் அவை முதலில் துருப்பிடிக்கும் இடம். ஆளுக்கொரு துளி மெஷின் ஆயில் போதும்.

ஸ்ட்ரிங்கை மறுபடி ஏற்றியதும் பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, கம்பத்தின் தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்று தொடங்குங்கள். இரைச்சலை மிஞ்ச வேண்டும் என்று மிக அருகே ஏற்றினால் காந்தம் ஸ்ட்ரிங்கையே இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஆட ஆரம்பிக்கும்.

மூன்றாம்கம்பி:

தகட்டைத் தேய்த்து, 60 வாட்டில் ஒயர் பிடித்துவிட்டது. ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் 'ஜ்ஜ்ஜ்' நின்றுவிடுகிறது. காந்தப்பட்டையும் திருப்பினேன். 2, 4-இல் உறுமல் ஏறக்குறைய இல்லை. 1, 3, 5-இல் அப்படியேதான் இருக்கிறது.

கரகரப்புக்கு 250 கிலோ ஓம் பாட்டும் புது ஜாக்கும் வாங்கினேன். பாட் பிக்கார்டு துளையில் நுழையவில்லை, பழைய நாப் அதன் தண்டில் ஏறவும் இல்லை. தவறானதை வாங்கிவிட்டேனா?

ஈயமும்திரியும்:

மதிப்பு சரிதான், சிங்கிள் காயிலுக்கு 250 ஆடியோ டேப்பர். அளவுமுறைதான் வேறு. நீங்கள் வாங்கியது அமெரிக்க அளவு: கழுத்து 9.5 மி.மீ., தண்டில் 24 பல். பழையது மெட்ரிக்: கழுத்து 7 அல்லது 8 மி.மீ., தண்டில் 18 பல். பிக்கார்டு துளையைக் கூம்பு ரீமரால் கையால் சுற்றிப் பெரிதாக்குங்கள். டிரில் வைத்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். நாப் 24 பல்லுக்கானது தனியாக வாங்கணும், பழையதை அழுத்தி ஏற்றினால் பிளந்துவிடும். இதெல்லாம் வேண்டாம் என்றால் பழைய பாட்டிலேயே காண்டாக்ட் கிளீனரை லக்குகளுக்கு (ஒயர் பற்றவைக்கும் கால்கள்) மேலுள்ள இடுக்கில் ஒரு பீச்சு பீச்சி, இருபது தடவை முழுக்கத் திருகிப் பாருங்கள். பெரும்பாலும் கரகரப்பு போய்விடும்.

1, 3, 5-இன் உறுமல் சிங்கிள் காயிலின் இயல்பு. ஆம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, அடங்கும் கோணத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். அதுவும் போதாது என்றால் அப்போது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுருள் உள்ள நாய்ஸ்லெஸ் வகையை வாங்குங்கள்.

ஜாக்கை மாட்டும்போது ஒன்று. நுனிக்குப் போகும் லக் செப்பு டேப்பில் உரசினால் கிட்டார் முழு ஊமையாகிவிடும், அதுவும் கேபிள் செருகும்போது மட்டும், ஏனென்றால் பிளக் உள்ளே போகும்போதுதான் அந்த லக்கோடு சேர்ந்த உலோக நாக்கு வெளியே தள்ளப்படுகிறது. அந்தச் சுவருக்கு இரண்டு மடிப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு, கேபிளைச் செருகிய நிலையிலேயே மீட்டர் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடுங்கள்.